ஸ்டவ் இல்லாத வீடு

உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். அடியில் வைத்தால் அடுத்த வருடம்தான் உன் கண்ணில் படும் என்பது எனக்குத் தெரியும். நேரில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். ஸ்டேஷன் ரைட்டராகவே வேலையைத் தொடங்கி, ஸ்டேஷன் ரைட்டராகவே ஓய்வு பெற்றவனுக்கு வாயால் சொன்னது எதுவும் சொன்னதாகத் தோன்றாது. எழுதித் தேதி போட்டால்தான் நடந்ததாக நம்புவேன். நாளை காலை பஸ்ஸில் நீ சப்-இன்ஸ்பெக்டராக வேலையில் சேரக் கிளம்புகிறாய். உனக்கு நான் சல்யூட் அடிக்க வேண்டிய நிலை வருவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். அது நம் இருவருக்குமே நல்லது. அப்பா என்ற முறையில் உனக்குப் புத்திமதி சொல்ல ஆசைதான். ஆனால் என் புத்திமதியின் தரம் எனக்கே தெரியும். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு பல வருடம் ஊருக்கெல்லாம் புத்திமதி எழுதியவன் நான். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். உன் அம்மாவைப் பற்றிய கதை அது. அவளுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது.

எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். எழுபதுகளில் அங்கே ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனை அடித்தால் அது அடிதடி வழக்கு. பெண்டாட்டியை அடித்தால் குடும்பத் தகராறு. அடி ஒன்றுதான், கதவு எண்தான் வேறு. குடும்பத் தகராறு என்று மனு வந்தால் இருவரையும் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைப்போம். சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சத்தம் போடுவார். பிறகு இருவரிடமும் எழுதி வாங்குவோம். அந்த வாசகம் நான் தயாரித்தது. ஆணுக்கு ஒரு வரி: இனிமேல் மனைவியை நல்லபடியாக வைத்துக்கொள்கிறேன். பெண்ணுக்கு ஐந்து வரி: நேரத்துக்குச் சமைப்பேன், மாமியாரை எதிர்த்துப் பேச மாட்டேன், சொல்லாமல் தாய்வீட்டுக்குப் போக மாட்டேன், அது, இது. அடி வாங்கியவள் இனி ஒழுங்காக இருப்பதாகக் கைநாட்டு வைத்துவிட்டு, அடித்தவனுக்குப் பின்னால் நடந்து போவாள். இதில் ஏதோ கோணலாக இருக்கிறதே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கடைசியில் மனுவின் மேல் 'இருவருக்கும் அறிவுரை கூறி அனுப்பப்பட்டது' என்று எழுதி முடிப்பேன். பக்கத்து ஸ்டேஷன்காரர்கள் வந்து என் வாசகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். என் எழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே வாசகர் வட்டம் அதுதான்.

அதே காலத்தில் உன் அம்மா மாதர் நலச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தாள். சங்கத்தின் நோக்கம் என்று பதிவுத் தாளில் எழுதியிருந்தது தையல், அப்பளம், கோலப்போட்டி. அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். இதைவிட ஆபத்தில்லாத கூட்டம் கிடையாது என்று முடிவு செய்து அரசாங்கம் மூன்று தையல் மெஷின்கள் கொடுத்தது. அரசாங்கம் தெரியாமல் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. தையல் வகுப்பு என்றால் ஊரில் எந்தப் புருஷனும் தடுக்க மாட்டான். ரவிக்கைத் துணி வெட்டக் குனிந்த பெண்களின் முதுகையும் கையையும் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கத்தானே செய்வார்கள்? 'இதென்னாடி, கதவு இடிச்சிடுச்சா?' என்று உன் அம்மா கேட்பாளாம். 'ஆமாங்கக்கா' என்பார்களாம். 'எங்க தெருவுல எல்லா கதவும் குடிச்சிட்டுதான் வருது போல' என்பாளாம். அதற்குப் பிறகு யாரும் கதவைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

சங்கத்துப் பெண்கள் வேலூரில் இருந்த கலெக்டருக்கு மனு போட ஆரம்பித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் அதை எங்கள் ஸ்டேஷனுக்கு அனுப்பும். நான் அறிவுரை கூறி அனுப்பியதாக மனுதாரருக்குப் பதில் எழுதித் தபாலில் போடுவேன். படிக்கத் தெரியாத பெண்கள் அந்தப் பதிலைத் தையல் வகுப்புக்கு எடுத்து வருவார்கள். அதைப் படித்துச் சொல்வது காரியதரிசியின் வேலை. நான் பகலில் எழுதியதை அவள் மறுவாரம் பகலில் படித்தாள். நாங்கள் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்பது எனக்கு மாதக்கணக்கில் தெரியாது. ஒரு நாள் எனக்குத் தட்டில் உப்புமாவை வைத்துவிட்டுச் சொன்னாள்: 'ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ரெண்டு லெட்டர் போட்டீங்களே, அதே கையெழுத்து. கொஞ்சம் கூட மாறலீங்க. இப்போ ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் போட்றீங்க.' நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு கரண்டி உப்புமா கேட்டேன்.

காஞ்சனா என்ற பெண்ணை உனக்கு நினைவிருக்காது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பிறந்து, நம் ஊரில் ரைஸ் மில்லில் வேலை செய்தவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சங்கத்தில் தையல் படித்தாள். மூன்று தடவை எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். மூன்று தடவையும் ஐந்து வரிக்குக் கீழே கைநாட்டு வைத்தாள். மூன்றாம் தடவை வைத்துவிட்டு, 'சார், இதுல நான் இன்னா பண்ணலேன்னு எழுதியிருக்குது?' என்று கேட்டாள். 'எல்லாருக்கும் எழுதுறதும்மா' என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. உடல் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போய், பேச முடியாமலேயே இறந்துபோனாள். நான் அந்த வீட்டுப் பக்கம்கூடப் போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து, 'சமையல் செய்துகொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து, புடவையில் தீப்பற்றியது. சந்தேகம் எதுவும் இல்லை' என்று எழுதினேன். அப்படித்தான் எழுதுவது வழக்கம். கைக்கு அந்த வாக்கியம் பழகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூட எழுதுவேன். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதினேன்.

காஞ்சனாவின் அம்மா அந்தக் காகிதத்தின் நகலை உன் அம்மாவிடம் கொண்டுவந்தாள். அன்றைக்குக் காலையில் நான் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா காகிதத்தோடு வந்து நின்றாள். 'இது நீங்க எழுதினதுதானே?' என்றாள். ஆமாம் என்றேன். 'அந்த வூட்டுக்கு நான் நாலு தடவ போயிருக்கிறேங்க. அங்க ஸ்டவ்வே கெடயாது. வெறகு அடுப்புதான். ஸ்டவ்வு வாங்கிக் குடுன்னு கேட்டுதான் அந்தப் பொண்ணு முத தடவ அடி வாங்கிச்சு.' குரலை உயர்த்தவில்லை. திட்டவும் இல்லை. என் பெல்ட்டின் பக்கிள் மாட்டிக்கொள்ளவில்லை. அவளே சரிசெய்து மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் அம்மா என்னிடம் சண்டை போட்டிருந்தால் நான் எப்படியாவது சமாளித்திருப்பேன். சண்டைக்கு என்னிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது.

அந்த வாரமே ராஜி வந்தாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். தலையில் தையல் போட்ட காயத்தோடு அவள் ஸ்டேஷனுக்குப் போகாமல் நேராகச் சங்கத்துக்குப் போனாள். சங்கம் அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது. ராஜியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் தேடிக்கொண்டு போனான். முற்றத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் மலைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதாக ராஜியும் வெள்ளைப் புடவையில், தலையில் முக்காடு போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கார அம்மாள், 'சத்தம் போடாத நைனா, மௌன விரதம்' என்றாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று முதுகுக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அவன் ராஜிக்குக் காட்டிய மரியாதை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். பிறகு எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து பெண்டாட்டியைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தான். சப்-இன்ஸ்பெக்டர் உன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். 'இன்னாமா, தையல் கத்துக்குடுக்கிறியா, குடும்பத்தப் பிரிக்கிறியா? செவ்வாக்கெழம அந்தப் பொண்ணு இங்க வரணும். அட்வைஸ் பண்ணி அனுப்பிடுவோம்.' உன் அம்மா, 'காஞ்சனாவுக்குப் பண்ண மாதிரியா சார்?' என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

சங்கம் அதற்கு முன்பே கலெக்டருக்கு மனு கொடுத்திருந்தது. திங்கட்கிழமை குறைகேட்கும் நாளில் ஸ்டேஷன் காகிதங்களோடு யாராவது வந்து பதில் சொல்ல வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கு அன்று வேறு அவசர வேலை வந்துவிட்டது. 'யோவ் ரைட்டரு, எல்லாம் நீ எழுதுனதுதானே, நீயே போய்ட்டு வா' என்றார். திங்கட்கிழமைக்குள் கலெக்டர் ஏதாவது சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை ராஜி என் ஐந்து வரிக்குக் கீழே கைநாட்டு வைக்க வேண்டும். அன்றைக்கு உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மதியம் ஓட்டல் பூரி கிடைத்ததால் நீ அதைப் பண்டிகை என்று நினைத்தாய். வேலூர் பஸ்ஸில் உன் அம்மாவும் சங்கத்துப் பெண்களும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் ஃபைல் கட்டோடு பின்னால் உட்கார்ந்தேன். எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கத்தில் உட்காரக்கூடாது அல்லவா? போளூரில் பஸ் நின்றபோது முன் சீட்டிலிருந்து ஒரு கடலைப் பொட்டலம் கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தது. அவித்த மல்லாட்டை. எதிர்த்தரப்பிடமிருந்து நான் கைநீட்டி வாங்கியது அது ஒன்றுதான்.

கலெக்டர் முன்னால் உன் அம்மா ஒரு பெரிய பழுப்புத் தாளை விரித்தாள். ரவிக்கை அளவு வெட்டுவதற்கு வகுப்பில் வைத்திருப்பார்களே, அந்தத் தாள். அதில் வரிசையாக என் பதில் கடிதங்கள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. சிலவற்றில் மஞ்சள் கறை, சிலவற்றில் எண்ணெய், ஒன்றில் குழந்தை கிறுக்கிய கோடு. அதே பெண்ணின் பெயர் இரண்டு தடவை, மூன்று தடவை. எல்லாவற்றின் அடியிலும் ஒரே வரி. கடைசியாக மட்டும் காஞ்சனாவின் அம்மா கொண்டுவந்த நகல். என் எழுத்து அத்தனையும் ஒரே இடத்தில் தொகுப்பாக வெளிவந்தது அன்றைக்குத்தான். கலெக்டர் வயதில் சின்னவர். குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். 'இதெல்லாம் யார் எழுதினது?' என்றார். 'நான்தாங்க ஐயா' என்றேன். 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?' 'ஒரே மாதிரி வழக்குங்க ஐயா.' உன் அம்மா குறுக்கே வந்தாள். 'ஐயா, மத்தது இருக்கட்டுங்க. கடைசியா இருக்கிறத மட்டும் பாருங்க. அந்த வூட்ல ஸ்டவ் இருந்துச்சான்னு இவரக் கேளுங்க.'

கலெக்டர் கேட்டார். இருந்தது என்று சொன்னால் கேள்வி அதோடு முடிந்துவிடும். செத்தவள் வீட்டில் எது இருந்தது, எது இல்லை என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? வேலை இருக்கும், ஸ்டேஷனில் பெயர் இருக்கும். மறுநாள் ராஜி பெஞ்சில் உட்காருவாள். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பழுப்புத் தாளின் ஓரம் சுருளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

'இல்லைங்க ஐயா' என்றேன்.

'ஸ்டவ்வே இல்லாத வீட்டில் ஸ்டவ் எப்படி வெடிச்சுது?'

'எப்பவும் அப்படித்தாங்க எழுதுவோம்.'

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் என் உத்தியோக வாழ்க்கையில் யோசித்துப் பேசினேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை, தானாக வந்தது. உண்மை அப்படித்தான் வரும்போலிருக்கிறது, யாரும் எழுதிக் கொடுக்காதபோது. கலெக்டர் ஸ்டெனோவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். அடிபட்ட பெண்ணிடம் எதுவும் எழுதி வாங்கக்கூடாது. இரண்டாவது தடவை வருகிற மனுவை அறிவுரையோடு முடிக்கக்கூடாது, வழக்காகப் பதிய வேண்டும். விசாரணையின்போது சங்கத்துப் பெண் ஒருவர் கூட இருக்கலாம். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தில் இறந்தால், ரெவின்யூ ஆர்.டி.ஓ. நேரில் போய் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். 'சங்கக் காரியதரிசி கொடுத்த மனுவின் பேரில்னு போடுங்க. அம்மா, உங்க பேரு? வீட்டுக்காரர் பேரு?' தன் பெயரைச் சொன்னாள். அத்தனை நேரம் அப்படிப் பேசியவள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, என் பெயரை அவள் இன்றுவரை சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் உன்னைத்தான் சொல்லச் சொல்வாள். ஸ்டெனோ மறுபடி கேட்டார். உன் அம்மா கையை நீட்டினாள். 'தோ, ஃபைலக் கட்டிப் புடிச்சினு நிக்கிறாரே, அவரு பேருதாங்க.'

கலெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். 'ரெண்டு பேரும் ஒரே பஸ்லயா வந்தீங்க?' என்றார். 'ஆமாங்க. வேற வேற சீட்டு' என்றாள் உன் அம்மா.

செவ்வாய்க்கிழமை ராஜி ஸ்டேஷனுக்கு வந்தாள், இரண்டு பக்கமும் சங்கத்துப் பெண்களோடு. நான் அவள் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை குடும்பத் தகராறுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் ஒதுக்கியதில்லை. காஞ்சனாவின் வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். கோர்ட்டில் சாட்சிகளுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது. அவன் வெளியே வந்துவிட்டான். இதை மறைத்துவிட்டு வெற்றிக் கதையாக எழுதினால் நான் பழைய ரைட்டராகிவிடுவேன். என்னையும் தூரத்து மலையடிவாரத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றினார்கள். அப்பா ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார் என்று நீ அப்போது கேட்டதற்கு உன் அம்மா, 'உண்மையப் பேசிட்டாரு, அதான் தூரமா அனுப்பிட்டாங்க' என்றாளாம். நீ கொஞ்ச நாள் உண்மை பேசப் பயந்தாய்.

சில வருடம் கழித்து தில்லியிலேயே சட்டம் வந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்துவது குற்றம் என்று தனியாகவே எழுதினார்கள். கல்யாணமான சில வருடத்துக்குள் பெண் இறந்தால் எப்படி விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். தில்லிக்காரர்கள் நம் ஊர்ப் பழுப்புத் தாளைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய பொய்யை ஓய்வுக்குப் பிறகு எழுதக்கூடாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒரு சங்கம் ஏதோ ஒரு தாளில் குண்டூசி குத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். அரசாங்கத்தை அழ வைக்க முடியாது, வெட்கப்பட வைப்பதும் கஷ்டம். அதற்குக் கண்ணீர் புரியாது, காகிதம்தான் புரியும். அது எழுதிய காகிதத்தை அதற்கே வரிசையாகப் படித்துக் காட்டினால் கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு விதி மாறும். பெரிய தலைவர்கள் கண்டுபிடிக்காத இந்த வழியை அப்பளமும் கோலப்போட்டியும் நடத்துவதாகப் பதிவு செய்த பெண்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்தேன் என்பதுதான் என் சர்வீஸ் ரெஜிஸ்டரில் எழுதாமல் விட்டுப்போன ஒரே நல்ல குறிப்பு.

உன் பெட்டியில் இருக்கிற காக்கிச் சட்டைகளை அடி அண்ணாமலையில் தையல் கடை வைத்திருக்கும் ராஜிதான் தைத்தாள். தோள் அளவை இரண்டு தடவை எடுத்தாளே, நீ சிரித்தாயே. 'போலீஸ் சட்டன்னா தோளு சரியா உக்காரணும் தம்பி, இல்லேன்னா போட்றவன் ரொம்ப வெறச்சிக்கிறான்' என்றாள். அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போகிற முதல் நாள் உனக்கு ஒரு ரைட்டர் வணக்கம் சொல்வான். கையெழுத்து அழகாக இருக்கும். எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பான், நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்பான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, அவன் நல்லவனாகத்தான் இருப்பான். நானும் நல்லவனாகத்தான் இருந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. குனிந்து உள்ளே போய் அடுப்பைப் பார். பிறகு வந்து எழுது.

இதையெல்லாம் உன் அம்மாவே சொல்லலாமே என்று கேட்டேன். 'நான் எதுக்குங்க சொல்லணும்?' என்றாள். பிறகுதான் தெரிந்தது, நீ போகிற ஊரில் இருக்கிற மாதர் சங்கத்துக்கு அவள் போன வாரமே கார்டு போட்டுவிட்டாள். தபால்பெட்டியில் போடுவதற்கு முன் என்னிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். பிழை எதுவும் இல்லை. உங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று உன் பெயரை எழுதியிருந்தாள். மகன் என்று எழுதவில்லை. இவர் மனுவை வாங்க மறுத்தாலும், அறிவுரை கூறி அனுப்பினாலும் கீழ்க்கண்ட விலாசத்துக்குத் தெரிவிக்கவும் என்று எழுதி, நம் வீட்டு விலாசத்தைப் போட்டிருந்தாள். கலெக்டர் வரைக்கும் போக மாட்டாள் என்று நினைக்காதே. வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை நான் முன் சீட்டில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன்.